தனிச்சொல்லும் தனிக் காளமும்

ஜாஸ் என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே முகஞ் சுளிக்கும் தமிழாசிரியர் பலரை நான் அறிவேன். அவருட் பெரும்பாலோர் அவ்விசையைக் கேட்டறியாதவர். கேட்டவர் சிலரும், திரைப்படத்தில் கொடியவன் மதுக்கிண்ணத்தோடு தோன்றும் காட்சியின் பின்னொலியாகவே அதனைக் கேட்டவர். திருகோணமலைத் துறைமுகக் கரையில் வாழும் நம்மவர்க்கு இவ்வெறுப்புக்கு மற்றுமொரு காரணம் உண்டு. பித்தளை வாத்தியம் என்றால் கடற்படை. கடற்படை என்றால் அந்நியன். அந்நியன் என்றால் அடிமை வாழ்வு. இம் மூன்று படிகளையும் ஒரே தாவலில் தாண்டிவிடுகிறோம்.

அண்மையில் எங்கள் பகுதியில் நிகழ்ந்த ஓர் இலக்கிய வட்டக் கூட்டத்தில் அன்பர் ஒருவர், பாடசாலைகளிலுள்ள பாண்டு வாத்தியக் குழுக்களைக் கலைத்துவிட வேண்டும் என்றார். மாலுமிகள் விட்டுச் சென்ற பித்தளைக் குப்பையை நம் பிள்ளைகள் ஏன் துடைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. நல்ல கைதட்டல் கிடைத்தது. அடுத்து எழுந்த இளைஞர் ஒருவர், தமிழிசையிற் கூட்டிசை என்பதே இல்லை, ஒருவர் பாட மற்றவர் பின்தொடரும் முறையன்றி வேறொன்றும் நாம் அறியோம், ஆதலின் மேலைநாட்டாரிடமே கைகட்டிக் கற்க வேண்டும் என்றார். அதற்கும் அதே கைதட்டல் கிடைத்தது. சபையின் கைகளுக்கு அன்று ஓய்வில்லை. கீழைத்தேய மொழிக் கல்லூரியில் நன்னூலும் யாப்பருங்கலக் காரிகையும் பாடஞ் சொல்லும் எனக்கு இரு கூற்றும் ஒருங்கே பிழையாகப் பட்டன. அதற்கான காரணங்களை எழுதுவதே இக் கட்டுரையின் நோக்கம்.

முதலில் பொருள் இன்னதென்று வரையறுத்துக்கொள்வோம். ஜாஸ் இசை ஐக்கிய அமெரிக்காவின் தென்பாகத்தில், நியூ ஓர்லியன்ஸ் என்னும் துறைமுக நகரில், ஆப்பிரிக்க வழிவந்த மக்களிடையே சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்றது. அதுவும் நம்முடையதைப் போன்ற ஒரு துறைமுகமே என்பதைப் போகிற போக்கிற் குறித்துக்கொள்க. முதலில் ஐந்தாறு பேர் சேர்ந்து, எழுத்தில்லாமல், ஒருவர் இசையை மற்றவர் பின்னி வாசித்தனர். 1920களிலும் 1930களிலும் குழு பெருகிற்று. ட்ரம்பெட் மூவர் அல்லது நால்வர், ட்ராம்போன் மூவர், சாக்ஸபோன் நால்வர் ஐவர், இவர்க்கு அடித்தளமாகப் பியானோ, கிற்றார், பெருந்தந்தி வாத்தியம், முழவு எனப் பதினைவர் வரை சேர்ந்தபோது, ஒவ்வொருவரும் தத்தம் மனம் போனவாறு வாசித்தால் சந்தைக்கடை இரைச்சலே மிஞ்சும் என்பது தெளிவாயிற்று. ஆகவே யார் எப்போது வாசிப்பது, யார் எப்போது வாளாவிருப்பது, எந்த அணி வினவ எந்த அணி விடையிறுப்பது என்பனவற்றை முன்கூட்டியே எழுதி வைக்கும் ஒருவர் வேண்டியவரானார். அவர் செய்யும் பணியையே வாத்திய அமைப்பு என்கிறேன். அவ்வமைப்பின் நடுவே ஒருவர்க்குத் தனியே வாசிக்க இடம் விடப்படும். அவ்விடத்தில் அவர் வாசிப்பது எழுதப்படாதது, அல்லது எழுதப்பட்டும் அவர் மூச்சாலேயே உயிர்பெறுவது. பிக் பேண்ட் எனப்படும் பெருங்குழு ஜாஸின் உயிர்நிலை இதுவே.

நமக்கு இது புதிதா? கலிப்பாவைப் பாடஞ் சொல்லும்போது தரவு, தாழிசை, தனிச்சொல், சுரிதகம் என்று உறுப்புக்களை அடுக்குகிறோம். மாணவர்க்கு மிகவும் விளங்காத உறுப்பு தனிச்சொல். முன்னும் பின்னும் அடிகள் அணிவகுத்து நிற்க, நடுவே ஒரு சொல் மட்டும் எந்த அடியோடும் சேராமல் ஏன் நிற்கிறது என்று வகுப்புத்தோறும் ஒரு பிள்ளையாவது கேட்கும். அதனைத் தனியே எடுத்துப் பார்த்தால் பொருளே இல்லை. நின்ற இடத்தில் வைத்துப் பார்த்தால் பாட்டு முழுவதும் அதன்மேல் திரும்புகிறது. பெருங்குழுவில் ட்ரம்பெட் வாசிப்பவன் எழுந்து நிற்கும் கணமும் அத்தகையதே. அளவில் இரண்டும் ஒவ்வா. தனிச்சொல் ஒரு சொல், அவன் வாசிப்பதோ பல ஆவர்த்தனம். நான் சொல்வது இடத்தின் ஒப்புமை.

1924இல் லூயி ஆர்ம்ஸ்ட்ரோங் என்னும் இளைஞர் சிக்காகோவிலிருந்து நியூயோர்க் சென்று பிளெச்சர் ஹெண்டர்சன் குழுவிற் சேர்ந்தார். அங்கே டொன் ரெட்மன் என்பவர் வாத்திய அமைப்பு எழுதிவந்தார். நன்கு கற்றவர், ஆயினும் அவர் எழுத்தில் அக்காலத்து நடனக் குழுக்களின் விறைப்பு இருந்தது. ஆர்ம்ஸ்ட்ரோங் தம் தனியிடம் வந்ததும் எழுந்து வாசிப்பார்; தாளத்தின் மீது சாய்ந்தும் தாளத்தினின்று பின்வாங்கியும் அவர் விடுத்த சொற்கட்டு, சுற்றியிருந்த எழுத்தையெல்லாம் மரப்பாவையாக்கிவிட்டது. ஓராண்டே அவர் அங்கிருந்தார். அவ்வோராண்டில் ரெட்மன் எழுத்து மாறிற்று. ஒருவன் மூச்சிற் பிறந்த அசைவைப் பதின்மர்க்கும் பங்கிட்டுக் கொடுக்க அவர் கற்றுக்கொண்டார். தனியாள் குழுவுக்குக் கடமைப்பட்டவன் என்பதை எல்லாரும் சொல்வர். குழு தனியாளுக்குக் கடமைப்பட்டதற்கு இதனினும் நல்ல சான்று நான் அறியேன்.

இனி, இவ்வகையில் ஒரே ஓர் ஆக்கத்தைக் கேட்க மனங்கொள்ளும் தமிழாசிரியர் இருந்தால், டியூக் எலிங்டன் 1940ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஒலிப்பதிவு செய்த 'கன்சேர்ட்டோ ஃபோர் கூட்டி' என்பதையே சொல்வேன். கூட்டி வில்லியம்ஸ் என்னும் ட்ரம்பெட் கலைஞர்க்காகவே செய்யப்பட்டமையின் அப்பெயர். அக்காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே கொள்ளும். அந்த எல்லைக்குள் அடக்கிய அடக்கம் வெண்பாவின் அடக்கம்.

கூட்டியின் கையிலுள்ள கருவியைச் சற்று நோக்குவோம். ட்ரம்பெட்டின் வாயில் ஓர் அடைப்பைச் செருகி, அதன் முன்னே, குழாய் அடைப்பு நீக்குவோர் பயன்படுத்தும் ரப்பர்க் கிண்ணம் ஒன்றை இடக்கையால் ஏந்தி, மூடியும் திறந்தும் வாசிக்கிறார். அதனோடு தொண்டையிலிருந்து ஓர் உறுமலையும் கலக்கிறார். நம் சபாக்களில் ஒருவர் அக் கிண்ணத்தோடு மேடையேறினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஆனால் ஒலியைக் கேளுங்கள்: மனிதன் வாய்க்குள் முணுமுணுப்பது போலவும், சொல்ல வந்ததைச் சொல்லாது விழுங்குவது போலவும் இருக்கிறது. முதற் பகுதி வழக்கமான எட்டு அளவையில் முடியாமல் பத்து அளவையாக நீள்கிறது. கூட்டி தம் வாசகத்தை முடித்தபின் குழுவினர் விடை கூற அங்கே இடம் கிடைக்கிறது. அந்த விடை ஒருபோதும் அவர் குரலை மூடுவதில்லை. நடுவில் சுருதி மாறுகிறது; கூட்டி அடைப்பையும் கிண்ணத்தையும் அகற்றிவிட்டுத் திறந்த வாயோடு ஊதுகிறார். அதுவரை அறைக்குள் பேசியவர் முற்றத்துக்கு வந்துவிட்டார். பிறகு மீண்டும் உள்ளே சென்றுவிடுகிறார். இதில் எலிங்டன் செய்தது எது, கூட்டி செய்தது எது என்று பிரிக்க முடியுமா? பிரான்சு நாட்டு இசைத் திறனாய்வாளர் அந்திரே ஓதேர் 1954இல் வெளியிட்ட நூலில் இவ்வொன்றுக்கே ஒரு தனி இயல் ஒதுக்கி அணுவணுவாக ஆராய்ந்துள்ளார். மூன்று நிமிடப் பாட்டுக்கு உரையாசிரியர் ஒருவர் கிடைத்துவிட்டார். நமக்கு அது வியப்பன்று; ஒன்றேமுக்கால் அடிக்குப் பதின்மர் உரை எழுதிய மொழி நம்முடையது.

கூட்டிசை நம்மிடம் இல்லை என்ற இளைஞர்க்கு விடை சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. அரங்கேற்று காதையில் ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகியோர்க்குரிய தகுதிகளை இளங்கோவடிகள் தனித்தனியே வகுத்துரைக்கிறார். அதற்குமேல், மாதவி அரங்கிலாடும்போது குழலின் வழியே யாழ் நிற்க, யாழின் வழியே தண்ணுமை நிற்க, அதன்பின் முழவு நிற்க, முழவோடு கூடி இடக்கை இசைத்ததாக வரிசையும் கூறுகிறார். இது வாத்தியங்களின் பெயர்ப்பட்டியலன்று. எது முன், எது பின், எது எதனைப் பற்றி நிற்பது என்னும் அமைப்பு. அரங்கேற்று காதையை வைத்தே பழைய யாழ்களைக் கணக்கியல் முறையில் மீட்டுருவாக்க முனைந்தவர் விபுலாநந்த அடிகள். அவர் யாழ் நூல் 1947இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். எங்கள் திருகோணமலை இந்துக் கல்லூரியின் பொறுப்பிலும் ஒருகால் இருந்தவர் அவர். விஞ்ஞானமும் ஆங்கிலமும் கற்ற அத் துறவி, மேலைநாட்டுக் கணிதங்கொண்டு கீழைநாட்டு நரம்பை அளந்தபோது, அது அந்நியக் கணிதம் என்று எவரும் தடுத்திலர்.

மலைபடுகடாத்திலோ ஒரு முழுக் குழுவே வழிநடந்து வருகிறது. முழவும் ஆகுளியும் பாண்டிலும் கொம்பும் குழலும் பையிலிட்டுக் கட்டிச் சுமந்துவரும் கூத்தரின் தோற்றம் பலாமரத்திற் காய் கொத்தாய்த் தொங்குவது போலிருக்கிறதாம். அவ்வாத்தியங்களுள் தூம்பு என்பது ஒன்று. நெடுவங்கியம் என்பர் உரைகாரர். அதன் ஒலியைப் புலவர் களிற்றின் உயிர்ப்போடு இயைக்கிறார். ட்ரம்பெட்டைத் தமிழில் எங்ஙனம் சொல்வது என்று கேட்கும் மாணவர்க்கு எக்காளம் என்பதையே நான் சொல்லி வந்தாலும், ஊதுபவனின் மூச்சையும் யானையின் மூச்சையும் ஒருங்கே நினைவூட்டும் இத் தூம்பின் மேல் எனக்கு உள்ளூர ஆசை உண்டு.

சுமந்துவரும் கூத்தர் என்றவுடன் எலிங்டன் குழுவின் பயணங்களும் நினைவுக்கு வருகின்றன. 1930களில் அவர்கள் அமெரிக்காவின் தென்மாநிலங்களுக்குச் சென்றபோது, கறுப்பு நிறத்தவர்க்கு விடுதிகள் இடந்தராமையால், தமக்கெனப் புகைவண்டிப் பெட்டிகளை வாடகைக்கு அமர்த்தி அதிலேயே உண்டு உறங்கினர். இரவில் அவர் இசைக்கு ஆடியவர்கள் பகலில் அவர்க்கு ஒரு வேளைச் சோறு விற்க மறுத்தனர். 1963இல் அமெரிக்க அரசாங்கமே எலிங்டன் குழுவை ஆசிய நாடுகளுக்குத் தூதாக அனுப்பிற்று. சென்னைக்கு வந்தனர், நம் கொழும்புக்கும் வந்தனர். 1940இல் பிரிந்து சென்று 1962இல் திரும்பிவந்த கூட்டி வில்லியம்சும் அப்போது குழுவில் இருந்தார். அப்பயணம் நடந்துகொண்டிருந்த செப்டெம்பர் மாதம் 15ஆம் நாள் அலபாமா மாநிலத்துப் பர்மிங்காமில் கறுப்பினத்தவர் தேவாலயத்தில் குண்டு வெடித்துச் சிறுமியர் நால்வர் மாண்டனர். கூட்டி பிறந்ததும் அதே அலபாமாவில்தான். தன் நாட்டின் பெருமையைப் பிறர்க்கு ஊதிக் காட்டச் சென்றவன் காதில் அச் செய்தி எவ்வாறு விழுந்திருக்கும்? அந்தச் சுற்றுப்பயணத்தின் நினைவாக எலிங்டனும் பில்லி ஸ்ட்ரேஹோர்னும் இயற்றிய தொகுதி 1967இல் இசைத்தட்டாக வெளிவந்தது. இஸ்பஹானும் ஆக்ராவும் டில்லி மைனாவும் அதில் உண்டு. சென்னையும் கொழும்பும் இல்லை. அது அவர் விருப்பம்.

நான் இங்கே கேட்க விரும்புவது வேறொன்று. அமெரிக்க நிறவெறியைக் கண்டு நாம் உச்சுக்கொட்டுவது எளிது. நம் கோயில் வீதியில் நாகசுரம் வாசித்தவரை நாம் எங்கே இருத்தினோம்? சுவாமி புறப்பாட்டில் அவர் இசையின்றி ஓரடியும் நகராது. ஆயினும் பந்தியில் அவர்க்கு இடம் எது என்று நம் வடக்கும் கிழக்கும் நன்கு அறியும். நின்றே வாசிக்க வேண்டும் என்றிருந்த வழக்கத்தை மாற்றி மேடையில் அமர்ந்து வாசித்தவர் திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை. அவர் 1956இல் மறைந்தார். ஒரு கலைஞன் அமர்வதற்கே அத்தனை போராட்டம். காதுக்கு வேண்டியவனைக் கண்ணுக்கு வேண்டாதவனாக்கும் வித்தை எந்த நாட்டுக்கும் தனியுரிமையன்று. ஜாஸை வெறுப்பவர் மேளகாரரை மதித்த பரம்பரையினராயின், அவர் சொல்லைச் செவிதாழ்த்திக் கேட்பேன். பெரும்பாலும் அவ்வாறில்லை.

துறைமுகத்துக்கு வருவோம். 1944இல் பிரித்தானியரின் கீழைக் கப்பற்படை இங்கே தளங்கொண்டிருந்தது. பெருங்கப்பல்கள் ஒவ்வொன்றிலும் ஒரு வாத்தியக் குழு உண்டு. அவ்வாத்தியகாரர் வெறும் ஊதிகள் அல்லர். போர் மூண்டால் கப்பலின் அடித்தளத்தில் இரும்புக் கதவுகளுக்குள் இருந்து, பீரங்கிக்குத் தூரமும் கோணமும் கணக்கிட்டுக் கொடுப்பது அவர் வேலை. கப்பல் மூழ்கினால் முதலில் மாள்பவரும் அவரே. அக்குழுக்கள் காலையில் நடைப்பாட்டும் மாலையில் நடனப்பாட்டும் வாசித்தன.

அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலாகிய சாரட்டோகா இக்கீழைப் படையுடன் சேரத் திருகோணமலைக்கு வந்தது. இங்கிருந்து புறப்பட்டு ஏப்பிரல் 19ஆம் நாள் சுமாத்திராவின் வடமுனையிலுள்ள சபாங் துறையைத் தாக்கிற்று. இக் கப்பலுக்கு ஜாஸ் வரலாற்றில் ஒரு தனியிடம் உண்டு என்பது பலர்க்குத் தெரியாது. முந்திய ஆண்டில் தென் பசிபிக் கடலில், ஆர்ட்டி ஷோ என்னும் புகழ்பெற்ற குழுத்தலைவர், கடற்படையினர்க்கென அமைத்த தம் பெருங்குழுவோடு இதே சாரட்டோகாவின் மீது வாசித்தார். மாக்ஸ் கமின்ஸ்கி, ஜோன் பெஸ்ட் முதலிய தேர்ந்த ட்ரம்பெட் கலைஞர் அக்குழுவில் இருந்தனர். விமானங்களை ஏற்றியிறக்கும் மேடையில் குழு நிற்க, அவர்கள் வாசித்தபடியே மேடை கப்பலின் வயிற்றுக்குள் இறங்கிற்றாம். கீழே காத்திருந்த ஆயிரக்கணக்கான மாலுமிகளின் ஆரவாரத்தைத் தாம் வாழ்நாளில் மறக்கவில்லை என்று ஷோ பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். குழு இங்கே வரவில்லை. கேட்டவர்கள் வந்தார்கள். வீட்டையும் மனைவி மக்களையும் விட்டு, நாளை இருப்போமா என்று அறியாத பிள்ளைகள் ஓர் எக்காளத்தைக் கேட்டு ஏன் அழுதார்கள் என்பதைப் 'பித்தளைக் குப்பை' என்னும் இரண்டு சொல்லால் அளந்துவிட முடியுமென்று எனக்குத் தோன்றவில்லை.

1957இல் பிரித்தானியக் கடற்படை இத் தளத்தை ஒப்படைத்து வெளியேறிற்று. வாத்தியம் மட்டும் வெளியேறவில்லை. நாடெங்கும் பாடசாலைக் கிரிக்கெட் போட்டிகளில் 'பப்பரே' என்னும் ஊதற்குழுக்கள் ட்ரம்பெட்டும் முழவுமாக ஆரவாரிக்கின்றன. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் பொருதும் களத்திலும் அவ்வொலி உண்டு. அவை வாசிக்கும் பைலாவின் தாளமோ, போர்த்துக்கேயர் காலத்திலேயே ஆப்பிரிக்கரோடு நம் கரைக்கு வந்தது. மட்டக்களப்பு, திருகோணமலைப் பறங்கியர் மணவீடுகளில் வாழ்ந்தது. ஆகவே ஆப்பிரிக்க அசைவு ஜாஸின் தோளேறித்தான் இங்கு வந்தது என்பதே தவறு. அது நம் அயல்வீட்டில் நானூறு ஆண்டு குடியிருந்தது.

அந்நிய வாத்தியம் என்ற வாதத்துக்கு நெடிய மறுப்புத் தேவையில்லை. பாலுசாமி தீட்சிதர் கோட்டைப் பாண்டுகாரரிடமிருந்து வயலினைப் பெற்றார். அவர் தமையனார் முத்துசாமி தீட்சிதர் அப் பாண்டு மெட்டுக்களுக்கே வடமொழியிற் சாகித்தியம் செய்தார். வயலின் இன்று கச்சேரியின் வலக்கை.

ஆனால் ட்ரம்பெட் வயலின் அன்று என்று இசையறிந்தார் மறுக்கக்கூடும். அம் மறுப்பு வலுவுள்ளது. எக்காளத்திலும் கொம்பிலும் துளையுமில்லை, சாவியுமில்லை. இதழை இறுக்கியும் தளர்த்தியும் சில சுரங்களையே எழுப்பலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மூன்று அழுத்துசாவிகள் சேர்ந்தபிறகே ட்ரம்பெட்டுக்கு எல்லாச் சுரங்களும் கைவந்தன. ஆயினும் அவை படிக்கட்டுப் போல நிற்பன. படிகளுக்கிடையே வழுக்கிச் செல்லும் நம் கமகத்துக்கு இடமெங்கே? இதற்கும் எலிங்டன் குழுவிலேயே ஒருவர் விடை வைத்திருந்தார். ரெக்ஸ் ஸ்டுவார்ட் என்பவர் சாவியை முழுதும் அழுத்தாமல் பாதி அழுத்தி, சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே ஒரு மங்கிய, தயங்கிய ஒலியைப் பெற்றார். 1938இல் வந்த 'பாய் மீட்ஸ் ஹோர்ன்' என்னும் ஆக்கம் அவ்வுத்திக்கென்றே அமைந்தது. இதனை என் வகுப்பில் குற்றியலுகரத்துக்கு உவமையாகக் கூறுவதுண்டு. உகரம் தன் ஒரு மாத்திரையிற் குறுகி அரை மாத்திரையாய் ஒலிப்பது போல, சாவியும் தன் அழுத்தத்திற் குறுகுகிறது. இலக்கணத்தைக் கண்டு அஞ்சும் பிள்ளைகளும் இதைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

எல்லாம் புகழ்தற்குரியன என்று நான் சொல்ல வரவில்லை. செவிப்பறை கிழியும் உச்சத்துக்கு ஏறிக் கைதட்டல் வாங்குவதையும், மூச்சுவிடாமல் விரைந்து ஊதி மலைக்க வைப்பதையுமே பெருங்குழுவின் ட்ரம்பெட் கலைஞர் பலர் தொழிலாகக் கொண்டனர். ஹாரி ஜேம்ஸ் வண்டின் பறத்தலை ட்ரம்பெட்டில் ஓட்டிக் காட்டினார். திறமைதான். மாலைமாற்றும் நாகபந்தமும் பாடிய நம் சித்திரகவிகளும் திறமையாளரே. ஆயினும் அவற்றை எவர் மனப்பாடம் செய்து மனத்துயரில் சொல்லிப் பார்க்கிறார்? கூட்டியின் முணுமுணுப்பு ஒன்றுக்கு அந்த ஓட்டம் முழுவதையும் கொடுத்துவிடுவேன்.

பிணக்கின் வேருக்கு இப்போது வருகிறேன். எங்கள் மாவட்டத்தில் ஒரு பாடசாலை, பெயர் வேண்டா. அதன் பாண்டு வாத்தியக் குழுவில் ஒரு மாணவன் ட்ரம்பெட் வாசித்தான். கரைவலைத் தொழிலாளியின் மகன். பரிசளிப்பு விழாவில் பிரதம விருந்தினரை அழைத்துவரும்போது, நடைப்பாட்டின் இரண்டாம் பகுதி மீண்டும் வந்த இடத்தில், அவன் எழுதிய சுரத்தை விட்டுச் சற்றே சுழித்து, நாகசுரக்காரர் போல ஒரு பிடி பிடித்து, மீண்டும் வந்து சேர்ந்தான். நான் பந்தலில் இருந்தேன், தாளம் பிசகவில்லை. மறுநாள் வாத்தியம் அவனிடமிருந்து வாங்கப்பட்டது. ஒழுங்கு மீறினான் என்பது குற்றச்சாட்டு. சில வாரங்களின் பின் அவன் பாடசாலையிலிருந்தும் நின்றுவிட்டான். அதற்கு வறுமையும் காரணம், இதுவும் காரணம்.

அந்த ஆசிரியரை நான் குறை கூறேன். நடைப்பாட்டின் வேலை இருபது பேரின் காலை ஒன்றாக எடுத்து வைப்பது. அதில் ஒருவன் சுழித்தால் பின்வரிசைக்காரன் தடுமாறுவான். ஆனால் அப் பிள்ளைக்கு வேறு எந்த இடம் கொடுத்திருந்தோம்? கர்நாடக சங்கீத வகுப்பில் ட்ரம்பெட்டுக்கு இடமில்லை. மேலைத்தேய சங்கீதம் கற்பிக்க அங்கே ஆசிரியர் இல்லை. பாண்டில் நடைப்பாட்டும் தேசிய கீதமும் வரவேற்பு முழக்கமும் அன்றி வேறில்லை. கலிப்பா கற்பிக்காத வகுப்பில் ஒருவன் தனிச்சொல் எழுதினால் அது பிழையாகத்தான் தோன்றும். சுதந்திரம் வேண்டுமென்று முழங்குகிறோம். அதனை இன்ன இடத்தில், இத்தனை ஆவர்த்தனம், இன்னார்க்கு என்று எழுதிக் கொடுக்கும் சிறு வேலையைச் செய்வாரில்லை. எலிங்டன் தம் குழுவினர்க்குச் செய்தது அதுவே. எழுதும்போது அவர் மனத்தில் 'முதலாம் ட்ரம்பெட், இரண்டாம் ட்ரம்பெட்' என்ற எண்கள் இல்லை. கூட்டியும் ரெக்சும் இருந்தார்கள்.

பாண்டைக் கலைக்கச் சொல்லும் அன்பரிடமும் மேலைநாட்டாரிடம் கைகட்டச் சொல்லும் இளைஞரிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நம் கரையில் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னவன் ஒருவன் அடியெடுத்து விட, கயிற்றைப் பற்றிய இருபது பேர் ஏலேலோ என்று ஒரே மூச்சில் விடையிறுக்கிறார்கள். முன்னவன் ஒவ்வொரு முறையும் சொல்லை மாற்றுவான். ஊர்ச்செய்தியும் கேலியும் தெய்வமும் அதில் வந்துபோகும். விடை மாறாது, மாறினால் வலை நிற்கும். ரெட்மன் நியூயோர்க்கில் எழுதியதன் எலும்புக்கூடு இதுதான். அதற்கு அமெரிக்கா செல்லவேண்டியதில்லை. விடியலில் கடற்கரைக்குச் சென்றால் போதும்.

முன்னவன் பாட்டை ட்ரம்பெட்டுக்குக் கொடுங்கள். விடையை மற்றக் காளங்களுக்கும் சாக்ஸபோனுக்கும் கொடுங்கள். கயிறிழுக்கும் காலடியைப் பெருமுழவு சொல்லட்டும். கர்நாடக சங்கீதம் கற்கும் பிள்ளைகள் சுரப்படுத்தி எழுதுவார்கள். சாதாரண ட்ரம்பெட்டின் திறந்த சுருதி நம் கணக்கில் ஆறரைக் கட்டை. ஆல்ட்டோ சாக்ஸபோன் இரண்டரைக் கட்டை. ஆகையால் ஒரே ஏட்டைப் பார்த்து எல்லாரும் வாசித்தால் குழப்பமே விளையும். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் சட்சம் எங்கே என்று முதலில் குறித்து, வாத்தியத்துக்கு ஓர் ஏடாக எழுத வேண்டும். நடுவே பதினாறு ஆவர்த்தனத்துக்குத் தனிக் காளம் என்று மட்டும் எழுதிவிட்டு அவ்விடத்தை வெறுமையாக விடுங்கள். அவ்விடத்தில் மூச்சை எப்படி ஆள்வது என்பதை அண்மைக் கோயில் நாகசுரக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம். அவரை அழைத்தால் கதிரை போட்டு அழையுங்கள்.

விருந்தினர் வரும்போது நடைப்பாட்டே ஒலிக்கட்டும். அதன் ஒழுங்கு கெட வேண்டாம். அவர் அமர்ந்து, வரவேற்புரை தொடங்குமுன் நான்கு நிமிடம் கிடைத்தால் போதும். வரவேற்புரையை நான்கு நிமிடம் குறைத்தால் எவரும் வருந்தார் என்பது முப்பது ஆண்டாகப் பரிசளிப்பு விழாக்களில் அமர்ந்திருந்தவன் என்னும் முறையில் எனக்குத் தெரியும். முதற் படியை எழுத முன்வரும் மாணவர்க்கு என்னிடமுள்ள அம்பாப் பாட்டு ஏடுகளைத் தருவேன். அவற்றிற் பாட்டின் சொற்களே உள. மெட்டைக் கடற்கரையிலேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.